கேமரன் மலை தோட்டத்துச் சாலையில் ஓடும் ஃபோர் வீல் வண்டி: டயர் எத்தனை காலம் தாங்கும்?

பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் சாலையை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவில் இறங்கும் தேயிலைச் செடிகள். எதிரே ஒரு வண்டி வந்தால், யாராவது ஒருவர் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருப்பது நான்கு டயர்கள்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு.

அப்பா, மாமா, அண்ணன் என யாராவது ஒருவர் அங்கே லேண்ட் ரோவரோ ஹைலக்ஸோ ஓட்டினால், வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள்: "டயர் பூ நல்லாத்தானே இருக்கு, இன்னும் ரெண்டு வருசம் ஓடும்."

உண்மையிலேயே ஓடுமா? டயரின் ஆயுள் எதைப் பொறுத்தது? நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது?

சுருக்கமான பதில்

டயருக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று தேய்மானம், மற்றொன்று வயது. எது முதலில் முடிகிறதோ, அன்றோடு டயரின் ஆயுளும் முடிகிறது.

தேய்மானக் கணக்கு: டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதைச் சாலையில் ஓட்டக்கூடாது. மலேசியாவிலும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. பார்ப்பது இந்த அளவைத்தான். ஆனால் மழையும் மலையும் சேர்ந்த இடத்தில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

வயதுக் கணக்கு: 5 ஆண்டுகள் ஆனதும், ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் ஆகிவிட்டால், பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது மிஷலின் போன்ற டயர் நிறுவனங்களின் அறிவுரை. சில கார் தயாரிப்பாளர்கள் இன்னும் கறாராக 6 ஆண்டுகள் என்கிறார்கள்.

எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

ஃபோர் வீல் வண்டிகளுக்குப் பொதுவாக மூன்று வகை டயர்கள் கிடைக்கின்றன. சமமான தார்ச்சாலையில், சரியான காற்றோடு, அளவான பாரத்தோடு ஓட்டினால் தோராயமாக இப்படி எதிர்பார்க்கலாம்:

• தார்ச்சாலை டயர் (எச்.டி.): 60,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரை
• தார், மண் இரண்டுக்குமான டயர் (ஏ.டி.): 50,000 முதல் 70,000 கிலோமீட்டர் வரை
• சேற்று டயர் (எம்.டி.): 30,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை

சேற்று டயரைப் பார்த்தால் முரட்டுத்தனமாக இருக்கும். பூ பெரிது, பள்ளம் ஆழம். "அப்ப இதுதானே ரொம்ப நாள் வரணும்?" என்று தோன்றும். ஆனால் தார்ச்சாலையில் அதன் பெரிய கட்டிகள் வளைந்து நெளிந்து உரசுவதால், சீக்கிரம் தேய்வது அதுதான். தினமும் சேற்றில் இறங்காத வண்டிக்கு அது வீண் செலவு.

மேலே உள்ள எண்கள் எல்லாம் சமவெளிக்கானவை. கேமரன் மலைக்கு அவற்றிலிருந்து ஒரு நல்ல பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பார்ப்போம்.

கேமரன் மலையில் டயர் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிஞ்சாங் மலை உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரமும் வளைவுகள்தான். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது.

முதல் காரணம், வளைவு. வண்டி திரும்பும்போது அதன் எடை வெளிப்பக்கச் சக்கரங்கள் மீது சாய்கிறது. அதனால் முன் டயர்களின் வெளி ஓரம் முதலில் தேயும்.

இரண்டாவது, இறக்கம். காய்கறிக் கூடைகளோடு ரிங்லெட் பக்கம் இறங்கும் வண்டியின் பாரம் முன்னால் சரிகிறது. பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடாகும், அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறும். டயருக்கு மிகப் பெரிய எதிரி சூடுதான்.

மூன்றாவது, தோட்டத்து மண்சாலை. சரளைக்கல் பூவைக் கொத்தும். கூரான கல்லோ கான்கிரீட் விளிம்போ டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். பூவில் ஆணி ஏறினால் ஒட்டலாம். பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்ட முடியாது, அந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தோட்டத்து வண்டிகளில் பாதி பூ தேய்வதற்கு முன்பே டயர் குப்பைக்குப் போவது இதனால்தான்.

நான்காவது காரணம் ஃபோர் வீல் வண்டிக்கே உரியது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் குமிழ் சொல்லும் பாடம்

பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறீர்களா? கியர் கம்பிக்குப் பக்கத்தில் மஞ்சள் குமிழ் ஒன்றும் சிவப்புக் குமிழ் ஒன்றும் இருக்கும். மஞ்சளை அழுத்தினால் முன் சக்கரங்களுக்கும் இஞ்சின் சக்தி போகும். சிவப்பை இழுத்தால் 'லோ' கியர்.

இந்த வண்டிகளில் முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஹைலக்ஸ் போன்ற பல பிக்கப் வண்டிகளும் இதே வகைதான்.

இப்போது ஒரு கொண்டை ஊசி வளைவை நினைத்துப் பாருங்கள். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடுகின்றன, பின் சக்கரங்கள் சின்ன வட்டம் போடுகின்றன. அதாவது முன் சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும். ஆனால் ஃபோர் வீலில் போட்டிருந்தால், இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். மிச்சமுள்ள தூரத்தை யார் ஈடு கட்டுவது? டயர்தான். அது சாலையில் உருளாமல் வழுக்கி உரசுகிறது.

சேற்றிலும் ஈர மண்ணிலும் இது பிரச்சினை இல்லை, மண் இடம் கொடுத்துவிடும். காய்ந்த தார்ச்சாலை இடம் கொடுக்காது. டயர் தேயும், ஸ்டியரிங் கனமாகும், கியர் பெட்டிக்குள் இறுக்கம் ஏறும்.

அதனால் தோட்டத்து மண்சாலையை விட்டுத் தார்ச்சாலைக்கு ஏறியதும் டூ வீலுக்கு மாற்றிவிட வேண்டும். "மலை ரோடுதானே, ஃபோர் வீல்லயே போகட்டும்" என்பது காசை ரோட்டில் தேய்ப்பதற்குச் சமம்.

லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வகை வேறு. அதில் நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும், நடு டிஃபரன்ஷியலும் உண்டு. அதைப் பூட்டும் வசதியைச் சேற்றில் மட்டும் பயன்படுத்தினால் போதும்.

நான்கு டயரும் ஒரே அளவு ஏன்?

காரில் இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவது வழக்கம். ஃபோர் வீல் வண்டியில் அது அவ்வளவு எளிதல்ல. புது டயரின் சுற்றளவு பெரிது, தேய்ந்த டயரின் சுற்றளவு சிறிது. ஒரு அச்சில் புதிதும் மறு அச்சில் பழையதும் இருந்தால், நேர்ச்சாலையில் போகும்போதுகூட இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலப் பார்க்கும். அந்த இழுபறி கியர் பெட்டியைத் தின்னும்.

நிரந்தர ஃபோர் வீல் வண்டிகளில், நான்கு டயர்களுக்கு இடையே பள்ள ஆழ வித்தியாசம் 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். உங்கள் வண்டிக்கான அளவு அதன் கையேட்டில் இருக்கும்.

இதற்கு ஒரே வழி, 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றிப் போடுவது. ஸ்பேர் டயரும் அதே அளவு, அதே வகை என்றால் அதையும் சுற்றில் சேர்த்துவிடுங்கள். ஐந்தும் ஒன்றாகத் தேயும், ஐந்தும் ஒன்றாக ஓய்வு பெறும்.

டயரின் பிறந்தநாளை எப்படிப் படிப்பது?

டயரின் பக்கச் சுவரில் 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளைத் தேடுங்கள். அந்த வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. '2319' என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர்.

நான்கு இலக்கங்களுக்குப் பதிலாக மூன்றுதான் இருக்கிறதா? அது 2000-ஆம் ஆண்டுக்கு முன் செய்தது. மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், கழற்றுங்கள்.

டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழு எண் இருக்கலாம். வெளியே தெரியவில்லை என்றால் உள்பக்கம் குனிந்து பாருங்கள்.

புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பாருங்கள். வயது எண்ணப்படுவது கடையில் வாங்கிய நாளிலிருந்து அல்ல, ஆலையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து. "மலிவு விலை" என்று விற்கும் டயர் ஏற்கெனவே மூன்று, நான்கு ஆண்டுகள் கிடங்கில் கிடந்ததாக இருக்கலாம்.

பூ புதுசு, ரப்பர் கிழடு

மலாயில் டயரின் மேல்பகுதியை 'புங்ஙா தாயார்' என்பார்கள். நாமும் டயர் பூ என்றே சொல்கிறோம். பூவை மட்டும் பார்த்து டயரை எடைபோடும் பழக்கமும் அப்படியே வந்துவிட்டது.

ரப்பரின் கதை நமக்குப் புதிதல்ல. நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டி எடுத்த பாலிலிருந்து வந்ததுதானே அது? லாரி, ஃபோர் வீல் வண்டி போன்ற கனமான வண்டிகளின் டயர்களில் இன்றும் இயற்கை ரப்பருக்கு முக்கிய இடம் உண்டு. அந்த ரப்பரைக் காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் மெல்ல மெல்லக் கெட்டியாக்குகின்றன. பிறகு வெடிப்பு விடும்.

இதைத் தடுக்க ஆலையிலேயே ஒரு வகை மெழுகு கலக்கிறார்கள். டயர் உருண்டு வளையும்போது அந்த மெழுகு மேற்பரப்புக்கு வந்து பாதுகாக்கிறது. ஓடாமல் நிற்கும் வண்டியில் இது நடப்பதில்லை. அதனால், "வண்டி வீட்லதான் நிக்குது, டயர் அப்படியே இருக்கு" என்று நினைப்பது தவறு. நிற்கும் வண்டியின் டயர் தேயாது, ஆனால் கிழடாகும்.

இதில் அதிகம் ஏமாற்றுவது ஸ்பேர் டயர். பழைய லேண்ட் ரோவர்களில் அது பானட் மேலேயே படுத்திருக்கும். பத்து ஆண்டுகள் வெயிலும் மழையும் பட்டிருக்கும். பூ ஒரு மில்லிமீட்டர்கூடத் தேய்ந்திருக்காது. நடுமலையில் ஒரு டயர் பஞ்சரானதும் அதை மாட்டி, அதே பாரத்தோடு இறங்குவார்கள். அதுதான் ஆபத்து.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், இசை விழா ஒன்றுக்குப் போய்த் திரும்பிய பேருந்தின் முன் டயர் வெடித்தது. ஓட்டுநரும் இரண்டு பயணிகளும் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19-க்கு மேல். பேருந்தைவிட டயர் மூத்தது. பூ போதுமான அளவு இருந்ததால், அன்றைய சட்டப்படி அதில் குற்றமும் இல்லை. மகனை இழந்த ஒரு தாய் பல ஆண்டுகள் போராடினார். கடைசியில், 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் 10 ஆண்டுகளைத் தாண்டிய டயர் கூடாது என்று பிரிட்டன் சட்டம் கொண்டுவந்தது.

உங்கள் டயர் இன்னும் எவ்வளவு ஓடும்? ஒரு சின்னக் கணக்கு

டயர் கடைகளிலும் இணையத்திலும் ஆழம் அளக்கும் கருவி சில ரிங்கிட்டுக்கே கிடைக்கும். அது இல்லை என்றால் மெல்லிய அடிக்கோல் போதும். பள்ளத்தில் விட்டு ஆழத்தை அளங்கள். நடு, இரண்டு ஓரம் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதாரணம். வாங்கியபோது ஆழம் 12 மில்லிமீட்டர். 20,000 கிலோமீட்டர் ஓடியபின் 7 மில்லிமீட்டர். அப்படியானால் 5 மில்லிமீட்டர் தேய 20,000 கிலோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 4,000 கிலோமீட்டர். 3 மில்லிமீட்டரில் மாற்றுவதாக வைத்தால் மிச்சம் 4 மில்லிமீட்டர். இன்னும் 16,000 கிலோமீட்டர் ஓடும்.

இதை இரண்டு வண்டிகளுக்குப் பொருத்திப் பாருங்கள்.

தோட்டத்தில் நாளுக்கு 30 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடும் வண்டி, ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் போகிறது. இதே வேகத்தில் தேய்ந்தால் 9 மில்லிமீட்டர் பூ 36,000 கிலோமீட்டருக்கு வரும். நான்கு ஆண்டுகளில் டயர் முடிந்துவிடும். இந்த வண்டிக்குத் தேய்மானக் கணக்குதான் முக்கியம்.

கோலாலம்பூரில் நின்று, விடுமுறைக்கு மட்டும் மலையேறி, ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் போகும் வண்டி? அதே டயர் 12 ஆண்டுகள் வரும் என்று கணக்கு சொல்லும். ஆனால் அதற்கு முன்பே வயது முடிந்துவிடும். இந்த வண்டிக்கு டி.ஓ.டி. எண்தான் முக்கியம்.

அளக்க ஒன்றுமே கையில் இல்லையா? டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும். அது 1.6 மில்லிமீட்டர் உயரம். பூ அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அது மொட்டை டயர். மேடு எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட, டயரின் தோள் பகுதியில் 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்துகளோ முக்கோணக் குறியோ இருக்கும்.

மலையேறினால் காற்று கூடுமா, குறையுமா?

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. தாப்பாவில் 33 டிகிரி வெயிலில் 33 பி.எஸ்.ஐ. காற்று அடைத்த வண்டியை, 18 டிகிரி குளிரில் தானா ராத்தாவில் நிறுத்துகிறீர்கள். டயர் ஆறியதும் குளிரால் அழுத்தம் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. குறையும். ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு, அதனால் அளவி ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். ஒன்றை மற்றொன்று சரிக்கட்டிவிடும்.

ஆகவே மலை ஏறுவதற்காகக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. ஏறி வந்த சூட்டில் அளந்தால் எண் அதிகமாகத் தெரியும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடாதீர்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளப்பதுதான் சரி. பாரம் ஏற்றும் நாளில், ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியுள்ள அட்டவணைப்படி பின் டயர்களுக்குக் கூடுதல் காற்று வேண்டும்.

காற்று குறைந்தால் இரண்டு ஓரங்களும் தேயும். கூடினால் நடுப்பகுதி தேயும். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பூ அலை அலையாகத் தேய்ந்திருந்தால் அப்சார்பர் கெட்டிருக்கலாம்.

செலுப் டயர் போடலாமா?

மேல் பூவை மட்டும் புதிதாக ஒட்டிய டயரை இங்கே 'செலுப்' என்கிறோம். முறையாகச் செய்து, சிரிம் சான்று பெற்ற செலுப் டயர் மோசமானதல்ல. லாரிகளில் பரவலாக ஓடுகிறது. ஆனால் பூதான் புதிது, அடி உடம்பு பழையது என்பதை மறக்காதீர்கள். சான்று இல்லாத செலுப் டயர் வேண்டாம். சான்று இருந்தாலும் மலையில் ஓடும் வண்டியின் முன் சக்கரத்தில் அது வேண்டாம். முன் டயர் போனால் ஸ்டியரிங்கும் கையை விட்டுப் போகும்.

வண்டி உங்களுடையது இல்லையென்றால்?

நம்மில் பலர் அந்த வண்டிகளில் பயணிகள் மட்டும்தான். பாசிக்காட்டைப் பார்க்க பிரிஞ்சாங் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள், தோட்டத்திலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், பின்னால் நின்றுகொண்டு வேலைக்குப் போகும் தொழிலாளர்கள். இவர்களில் யாரும் டயரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அதை நம்பித்தான் ஏறுகிறார்கள்.

ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் போதும்:

• முன் டயர் இரண்டிலும் பூ அந்த மேட்டுக்கு மேலே இருக்கிறதா?
• பக்கச் சுவரில் வெடிப்பு, கிழிசல், கொப்புளம் போன்ற வீக்கம் உண்டா? வீக்கம் இருந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது என்று பொருள். அதில் ஏறவே வேண்டாம்.
• டி.ஓ.டி. எண் என்ன ஆண்டு காட்டுகிறது?
• ஸ்பேர் டயர் இருக்கிறதா? அதன் வயது என்ன?

கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? "அண்ணே, டயரை ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?" என்றால் எந்த நல்ல ஓட்டுநரும் கோபப்பட மாட்டார். பலர் அவர்களே குனிந்து காட்டுவார்கள். தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றும் வண்டி என்றால், இந்தக் கேள்வியைப் பெற்றோர்கள் சேர்ந்து, ஆண்டுக்கு ஒரு முறை பள்ளி திறக்கும்போதே வண்டிக்காரரிடமும் நிர்வாகத்திடமும் கேட்டுவிடலாம். தேதியைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு வாக்குவாதமே வராது.

அடுத்த முறை வீட்டில் யாராவது "பூ நல்லாத்தானே இருக்கு" என்றால், மறுத்துப் பேச வேண்டாம். கைபேசி விளக்கை அடித்து, அந்த நான்கு இலக்கங்களைப் படித்துக் காட்டுங்கள். மிச்சத்தை அந்த எண்ணே சொல்லிவிடும்.